ஓடுவதற்கு முன் ஒரு சொல்

எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடத்தில் ஓடுவதற்கு முன்னால் ஒரு சொல் சொல்ல வேண்டும். நீண்ட ஸ்பிரிங் பாதையின் முனையில் நின்று, உள்ளங்கையில் வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, அடுத்துச் செய்யப்போகிற பாய்ச்சலை மனத்துக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்குவதிலிருந்து காலூன்றி இறங்குவது வரை முழுதாகத் தெரிந்தால் 'இருக்கு' என்று சொல்லிவிட்டு ஓடலாம். நடுவில் எங்காவது அறுந்துபோனால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. மலாய்ப் பிள்ளைகள் 'அடா', 'தா அடா' என்றார்கள். சீனப் பிள்ளைகள் 'யாவ்', 'மோ' என்றார்கள். கூடத்தில் இருந்த இரண்டே தமிழ்ப் பெண்களான நாங்கள் எங்கள் மொழியில் சொன்னோம். பயிற்சியாளர் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். எல்லாருக்கும் அவர் கோச்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே இந்த இரண்டு சொற்கள். அவற்றையும் எங்களிடமிருந்துதான் பொறுக்கிக்கொண்டார்.

நான் 'இல்லை' என்று சொல்வதில் கெட்டிக்காரி. அதற்கென்று ஒரு போட்டி வைத்திருந்தால் பேராக் மாநிலத்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்திருப்பேன். கால் வலித்தாலும் இல்லை, பசித்தாலும் இல்லை, பள்ளியில் கணக்கு வாத்தியார் திட்டியிருந்தாலும் இல்லை. கோச் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தலையை ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எங்களில் அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவைகூடச் சொல்லாதவள் அக்கா மட்டும்தான். அவள் முனையில் போய் நிற்பாள், கண்ணை மூடுவாள், 'இருக்கு' என்பாள், ஓடுவாள். அதை நாங்கள் எல்லாரும் தைரியம் என்று நினைத்தோம். சின்னப் பிள்ளைகள் அவள் முறை வந்தால் தண்ணீர் குடிக்கப் போகாமல் நின்று பார்ப்பார்கள்.

அக்கா என் பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் இரண்டு குடும்பமும் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள். தோட்டம் கைமாறி அங்கே வரிசை வீடுகள் எழுந்தபோது, நாங்கள் பிறப்பதற்கு முன்பே, ஈப்போவில் புந்தோங் பக்கம் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆகவே தோட்டம் எனக்கும் அக்காவுக்கும் பெரியவர்கள் பேச்சில் வருகிற ஓர் இடம், அவ்வளவுதான். அக்கா குள்ளம், ஆனால் தொடைகள் இரும்பு. வாய் ஓயாது. பேருந்தில் ஏறும்போது தொடங்கிய கதையை இறங்கிக் கூடத்துக்கு நடந்து, உடை மாற்றி, உடம்பை முறுக்கித் தளர்த்தும் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். கோச் அவளை 'ரேடியோ' என்பார்.

பெரியம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்தார். நல்ல உழைப்பாளி, நல்ல சமையல்காரி, வார்த்தை விஷயத்தில் மட்டும் மகா கண்டிப்பு. விளக்கு வைத்த பிறகு அவர் வீட்டில் 'இல்லை' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. அரிசிப் பானை காலியானால் 'அரிசி நெறைஞ்சிருக்கு' என்பார். அதைக் கேட்டதும் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். புதிதாக வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரம்மா உப்பு கேட்டு வந்தபோது, 'நெறைஞ்சிருக்குக்கா' என்று பெரியம்மா சொல்ல, அந்த அம்மா கிண்ணத்தோடு வாசலிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வெள்ளிக்கிழமையென்றால் கட்டுப்பாடு காலையிலிருந்தே தொடங்கிவிடும். ஒரு காரியத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் திரும்ப உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எங்கள் பயிற்சியெல்லாம் பள்ளி விட்டு, சாப்பிட்டு, பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்து, சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சூடுபிடிக்கும். இதை ஒருவரும் அன்றைக்குச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த வருடம் அக்கா பழகிக்கொண்டிருந்தது திருகலோடு கூடிய இரட்டைக் கரணம். ஓடி வந்து, கையூன்றித் திரும்பி, முதுகுப்புறமாகக் கைகளில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, அந்த வேகத்தில் மேலே எழும்ப வேண்டும். கீழே வருவதற்குள் காற்றிலேயே பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். முதல் கரணத்துக்குள்ளேயே உடம்பை ஒரு முழுச் சுற்றுத் திருகி முடித்துவிட வேண்டும்; இரண்டாவதில் சுருண்டு வந்து இறங்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கண் சிமிட்டும் நேரம். செய்கிறவளுக்கு அதற்குள் கூரை, சுவர், தரை, மறுபடி கூரை என்று எல்லாம் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எப்போது உடம்பை விரிப்பது என்று தெரியாது. தப்பான நேரத்தில் விரித்தால் கால் வரவேண்டிய இடத்தில் கழுத்து வரும்.

அதனால் கோச் இதை யாருக்கும் நேராகச் சொல்லிக் கொடுக்கமாட்டார். முதலில் ஒற்றைக் கரணத்தில் திருகல், சலித்துப் போகும்வரை. பிறகு டிராம்போலினில், இடுப்பில் பெல்ட் மாட்டி இருபுறமும் கயிறு பிடித்து, திருகாத இரட்டை. அது உடம்பில் ஏறிய பிறகு அதே கயிற்றில் திருகலோடு. பிறகுதான் ஸ்பிரிங் பாதையிலிருந்து குழிக்குள். குழி என்பது பழைய மெத்தைகளிலிருந்து வெட்டிய பஞ்சுக் கட்டிகளைக் கொட்டி நிரப்பிய பெரிய பள்ளம். வியர்வையும் தூசியும் ரப்பருமாக அதற்கென்று ஒரு வாடை உண்டு. அப்புறம் குழியின்மேல் ஒரு மெல்லிய மெத்தை, அப்புறம் தடித்த மெத்தை, கடைசியில்தான் போட்டியில் போடுகிற கெட்டி மெத்தை. ஒரு படி ஆட்டம் கண்டால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவது அவரைப் பொறுத்தவரை தண்டனை கிடையாது, எங்களைப் பொறுத்தவரை தண்டனைதான். அக்கா குழிப் படி வரை ஒரே மூச்சில் வந்துவிட்டாள். தடித்த மெத்தையிலும் சில தடவை இறங்கிவிட்டாள். ஈப்போவில் எங்கள் வயதில் வேறு ஒரு பெண்தான் அதைச் செய்தாள். மெங்கிளம்புவிலிருந்து வருகிற பெண், அதே கூடத்தில்தான் பயிற்சி.

ஒரு வெள்ளிக்கிழமை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா முனையில் நின்று 'இருக்கு' என்றாள். மழைச் சத்தத்தில் கேட்காமல் போகுமோ என்று சத்தமாகவே சொன்னாள். ஓடினாள், எழும்பினாள். மேலே போனபோது அவள் உடம்பில் ஏதோ ஒன்று கழன்றுபோனது எனக்குத் தெரிந்தது. திருகல் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அரைச் சுற்று கூடுதலாகத் திருகிக்கொண்டு, நடுவானில் கையையும் காலையும் விரித்து, பின்கழுத்தும் தோளுமாகக் குழிக்குள் விழுந்தாள். பஞ்சுக் கட்டிகள் நாலாபுறமும் எகிறின. கொஞ்ச நேரம் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு தலைமுடியில் பஞ்சோடு ஏறி வந்து, "நல்லாத்தான்லா இருக்கேன்" என்று சிரித்தாள். மறுபடி முனைக்குப் போனாள். மறுபடி 'இருக்கு'. மறுபடி அதே மாதிரி விழுந்தாள். மறுபடி ஏறி வந்து முனைக்கு நடந்தவளைக் கோச் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கே இருக்கு? எனக்குக் காட்டு" என்று மலாயில் கேட்டார். அக்கா சிரித்து மழுப்பினாள். "குழிக்குள்ள எல்லாரும் சாம்பியன்தான் லா. தலையில விழுந்தாலும் எந்திரிச்சு வந்துரலாம். மெத்தையில?" என்றார். அன்றையிலிருந்து அவளுக்குத் திருகல் கிடையாது என்றும், அடுத்த வாரத்திலிருந்து ஒற்றைக் கரணத்தில் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கூடத்தில் இதற்கு 'ஹிலாங்' என்று பெயர், காணாமல் போவது. இதில் பயத்துக்கு வேலை இல்லை. நேற்றுவரை காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த உடம்புக்கு இன்று தெரியாமல் போய்விடும். யாருக்கும் வரும். வந்தால் ஒப்புக்கொண்டு பின்னால் போய் மெல்ல மெல்லத் திரும்பி வருவதுதான் வழி. ஒப்புக்கொள்ளாமல் மேலே மேலே தாவினால் என்ன ஆகும் என்று கோச் விளக்கமாகச் சொன்னதில்லை. அவருடைய இளமைக் காலக் கூட்டாளி ஒருவர் சக்கர நாற்காலியில் போட்டிகளைப் பார்க்க வருவார். நாங்கள் எழுந்து போய் அவருக்கு வணக்கம் சொல்வோம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பேருந்தில் அக்கா கொதித்துக்கொண்டே வந்தாள். "என்னையக் கொண்டுபோய் சின்னப் புள்ளைங்களோட தள்ளிட்டாரு பாத்தியாடி. செலெக்‌ஷன் வருது, இப்பப் போய்..." என்றாள். மாநில அணிக்கான தேர்வுதான் அது. அணியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்துக்கு இருந்தது அவளும் மெங்கிளம்புப் பெண்ணும். தேர்வானால் கோலாலம்பூரில் பயிற்சி, தங்கும் விடுதி, அங்கேயே படிப்பு. அக்கா அந்த விடுதி அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தாள். திருகல் இல்லாமல் அந்த இடம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த பயிற்சி நாளில் பெரியம்மா தொழிற்சாலைச் சீருடையோடு எங்கள் கூடவே பேருந்தில் ஏறினார். கூடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கோச்சிடம் போய், "எம்புள்ள எடத்த வேற யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று தன் மலாயில் கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. கோச் கோபப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டுப் பாதையின் முனையில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாய்ச்சலை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். "உங்க பாஷையில சொல்லு. எனக்கு வேணாம், அம்மாவுக்குப் புரியணும்" என்றார். தான் அவளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போது எங்கள் எல்லாருக்குமே கை தானாகச் சுழலும், விரல்கள் சின்னதாய்க் கரணம் போடும்.

அக்கா வழக்கம்போல மளமளவென்று தொடங்கினாள். "ஓடுறேன். கைய ஊனுறேன். திரும்பி ஒரு ஃபிளிக். இப்பத் தூக்குறேன். கூரை வெளக்குத் தெரியுது. இடது தோளுக்கு மேல பாக்குறேன், சுத்துது, செவுரு தெரியுது..." கை அழகாகச் சுழன்றது. அங்கே நின்றுவிட்டது. வாயும் நின்றுவிட்டது. ரேடியோ என்று பெயர் வாங்கியவள் ஒரு சொல்லும் இல்லாமல் கண்ணை மூடி நின்றாள். யாரோ டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புறம்?" என்றார் பெரியம்மா.

"அப்புறம் எறங்கிருவேன்."

"எப்பிடி எறங்குவே?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "தெரியலம்மா" என்றாள். "அந்த எடத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. இருட்டா இருக்கு. அப்புறம் குழி வந்துருது."

"அப்ப எதுக்குடி இருக்குன்னு சொன்னே?"

அக்கா அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. "நீதானம்மா அந்த வார்த்தையே வாயில வரக் கூடாதுன்னே. வெளக்கு வைக்கிற நேரம், வெள்ளிக்கெழம, இவ்வளவு ஒசரத்துக்குப் போறப்ப... சொல்லிட்டு விழுந்துட்டேன்னா? எனக்கு வரமாட்டேங்குதும்மா" என்றாள்.

எனக்கு அந்த நிமிடம் வரை இது தோன்றவே இல்லை. நானும் அதே குடும்பம்தான், ஆனால் என் அம்மா இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். நான் நாளைக்கு நாலு 'இல்லை' சொல்லிவிட்டு நிம்மதியாக வரிசையில் நின்றபோது, அக்கா அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். தைரியம் என்று நாங்கள் வாய் பிளந்து பார்த்ததில் பாதி இதுதான். நான் கோச்சுக்கு மலாயில் எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெரியம்மா யோசித்துவிட்டு, "நெறைஞ்சிருக்குன்னு சொல்லச் சொல்லவா?" என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். கோச் மறுத்துத் தலையை ஆட்டினார். "அதுலயும் 'இருக்கு'தானே கேக்குது. அப்படிச் சொன்னா நான் ஓட விட்டுருவேன் லா" என்றார். பிறகு, வேறெந்தச் சொல்லும் வேண்டாம், இங்கே எல்லாரும் சொல்வதை அவளும் சொன்னால் போதும் என்றார். பெரியம்மா எழுந்து போய்க் குழியின் ஓரத்தில் குந்தி, பஞ்சுக் கட்டி ஒன்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் கிடந்த போட்டி மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். அது அவ்வளவாக அமுங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லைச் சொல்லலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அக்கா திரும்பவும் கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தாள். சின்னப் பிள்ளைகளோடு ஒற்றைக் கரணம், பிறகு கயிறு, பிறகு குழி. பார்க்க ஒன்றும் பெரிதாக நடக்காத வாரங்கள். திருகல் மெல்லத் திரும்பியது. சில நாள் இருந்தது, சில நாள் காணாமல் போனது. காணாமல் போன நாட்களில் அவள் முனையில் நின்று, கண்ணை மூடித் திறந்து, ஒன்றும் சொல்லாமல் வரிசைக்குத் திரும்பப் பார்ப்பாள். கோச் விடமாட்டார். "சொல்லாம வராதே" என்று திருப்பி அனுப்புவார். அவள் போய் நிற்பாள். பின்னால் வரிசை தேங்கி நிற்கும். கடைசியில் அவரே கையசைத்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மலாயிலாவது சொல்லித் தொலையேன் என்று ஒரு நாள் கேட்டேன். "எந்தப் பாஷையில சொன்னாலும் அதேதாண்டி" என்றாள். எனக்கு அவள்மேல் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

தேர்வுக்கு முந்தைய பயிற்சியில் கோச் அவளை உட்கார வைத்துப் பேசினார். கடைசிப் பாய்ச்சலின் முடிவில் திருகலோடு இரட்டையா, திருகாத சாதா இரட்டையா என்பதை அன்றைக்கு, அந்த முனையில், அவள்தான் முடிவு செய்ய வேண்டும்: 'இருக்கு' என்றால் திருகல், 'இல்லை' என்றால் சாதா. சாதா இரட்டை அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும், அதில் ஆபத்து கிடையாது. ஆனால் அதைச் செய்தால் இடம் போகும். "நான் எதிர்முனையில நிப்பேன். போட்டியில சத்தம் போட வேணாம், வாயசைச்சாலே எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். சொல்லாம மட்டும் ஓடாதே" என்றார். அக்கா தலையாட்டினாள். அவள் எதைச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

தேர்வன்று பெரியம்மா விடிவதற்கு முன்பே எழுந்து கல்லுமலைக் கோவிலுக்குப் போய் வந்து, எங்களுக்குப் பசியாற இட்லி கட்டி, அக்கா நெற்றியில் திருநீறு பூசினார். வியர்வையில் கரைந்துபோகும் என்று தெரிந்தும் பட்டையாகவே பூசினார். நான் தகுதி பெறவில்லை, அதனால் பார்வையாளர் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருநீற்றுப் பொட்டலத்தை அவர் கைக்குள்ளேயே வைத்திருந்தார். மெங்கிளம்புப் பெண் முதலில் ஓடினாள். அவளுடைய திருகல் துல்லியமாக இருந்தது, இறங்கும்போது ஒரு சின்ன அடி மட்டும் பின்னால் வைத்தாள். எங்கள் கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அக்கா அதைச் சுத்தமாகச் செய்தால் இடம் அவளுக்கு. அப்போது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது.

அவள் முனையில் வந்து நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணை மூடினாள். தொடையோரம் இருந்த கை சின்னதாகச் சுழலத் தொடங்கியதை நான் பார்த்தேன். சுழன்று, பாதியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அங்கேயே நின்றது. திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். அவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக் கிட்டத்தில் சாய்ந்தேன். "சொல்லுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்லுடி, சொல்லிரு தாயி."

அத்தனை தூரத்திலிருந்து அக்காவுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. கண்ணைத் திறந்து, எதிர்முனையில் நின்ற கோச்சைப் பார்த்து, "இல்லை" என்றாள். வாயசைத்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தும் சத்தமாகவே சொன்னாள். நடுவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கோச் கையைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை தலையசைத்தார். பிறகு அவள் ஓடினாள். திருகாத சாதா இரட்டை, நல்ல உயரம், இரண்டு காலும் சேர்ந்து ஆணி அடித்த மாதிரி இறங்கியது. நான் பார்த்ததில் அவள் செய்த மிகச் சுத்தமான பாய்ச்சல் அதுதான். இடம் மெங்கிளம்புப் பெண்ணுக்குப் போனது. அக்கா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள், பிறகு உடை மாற்றும் அறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த இடம் அவளுக்கு அப்புறமும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வயதும் படிப்பும் குறுக்கே வந்தன, கூடத்துக்குப் போவது குறைந்து நின்றுபோனது. திருகலோடு கூடிய இரட்டையை அவள் ஒரு போட்டியிலும் செய்ததில்லை. அவள் விட்டுவிட்டு வந்தது பெரிய இடம். அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இப்போது ஜொகூரில் இருக்கிறாள், கடற்பாலம் தாண்டி அக்கரை நாட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். போன மாதம் ஈப்போவுக்கு வந்திருந்தபோது அவளுடைய காரில் கடைக்குப் போனோம். நிறுத்துமிடத்தில் காரைப் பின்னால் எடுக்கும்போது, கண்ணாடியை நம்பாமல் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்து எடுத்தாள், அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை. வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று நான் கவனிக்கவில்லை. அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்வு நாளில் வீடு திரும்பும் வரை பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சொல்லக் கூடாததை நல்ல நாளில், ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குள் போனதும் பெரியம்மா இரண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டார் என்று நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். பெரியம்மா நேரே சமையலறைக்குப் போனார். விளக்கை ஏற்றினார். ஒரு கைப்பிடி கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு, பழைய பால் டின்னில் கரியைப் பற்றவைத்துக்கொண்டு, மாடி நடைபாதைக்கு வந்தார். அக்காவுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"தோத்துட்டு வந்தவளுக்கு யாரும்மா கண்ணு வைப்பாங்க?" என்றாள் அக்கா.

"வாய மூடிட்டுக் கெழக்கப் பாத்து ஒக்காரு. அத்தனை பேரும் எம்புள்ளையத்தான் பாத்தாங்க" என்றார் பெரியம்மா.

அக்கா உட்கார்ந்தாள். பெரியம்மா உப்பையும் மிளகாயையும் அவள் தலையைச் சுற்றினார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவசரமில்லாமல். துப்பச் சொன்னார். அவள் துப்பினாள். எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார். மிளகாய் எரிந்து நெடி வராவிட்டால் கண் நிறையப் பட்டிருக்கிறது என்று கணக்கு. அன்றைக்கு நெடி அப்படி வந்தது. என் தொண்டை எரிந்தது, மூக்கில் நீர் வடிந்தது, எதிர்வீட்டு மலாய் அம்மா படீரென்று ஜன்னலைச் சாத்தினார். பெரியம்மாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்காமல், "பாத்தியா? கொஞ்சமாச்சும் நெடி வருதா?" என்று கேட்டார்.

அக்கா இருமலை விழுங்கினாள். முகம் சிவந்து, கண் நிரம்பி வழிய, "வரலம்மா" என்றாள். "கொஞ்சங்கூட வரல."